கப்பல் காடிகள் போன சடக்கு

மலேசியத் தோட்டத்துத் தமிழில் கார் என்ற சொல் அதிகம் புழங்கியதில்லை. காடிதான். ரோடும் அப்படியே. செம்மண் பாதையை விட்டு ஏறும் தார்ச்சாலைக்குப் பெரிய சடக்கு என்று பெயர். பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து நடந்து வந்து, பெரிய சடக்கின் ஓரத்தில் குடையோடும் பிள்ளையோடும் நின்று, வருகிற காடிகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பஸ் வரும்வரை பார்ப்பதற்கு வேறென்ன இருந்தது? அந்தக் காத்திருப்பில்தான் ஒரு தலைமுறைக்கு மோட்டார் வாகனங்களின் பெயர்கள் மனப்பாடமாயின. மோரிஸ், ஆஸ்டின், ஹில்மன். எப்போதாவது ஒரு ஃபோர்டோ செவர்லேயோ, சடக்கின் அகலம் முழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொண்டு கப்பலைப் போல் மிதந்து போகும்.

அந்தக் கப்பல்கள் போன வழியில் இன்று பயணம் தொடங்குவதற்குப் பொருத்தமான இடம் புக்கிட் பெருந்துங். மலாய் மொழியில் அதிர்ஷ்டக் குன்று. கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், ஹுலு சிலாங்கூர் மாவட்டத்தில், பழைய தோட்ட நிலங்களின் மேல் 1990களில் எழுந்த புதுநகரம் இது. 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்ததும் பெயரில் இருந்த அதிர்ஷ்டம் பாதியில் நின்றது. கட்டி முடித்த வீடுகளும் கடைகளும் வரிசை வரிசையாக ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. பிறகுதான் மெல்ல மெல்லக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து வெளியேறியவர்களும் அவர்களில் உண்டு.

இங்கே வீட்டுக்கு ஒரு காடியாவது உண்டு. இல்லாமல் முடியாது. வேலை ரவாங்கில், பள்ளி ஒரு பக்கம், மருத்துவமனை இன்னொரு பக்கம். வாசல்களில் நிற்பவை பெரும்பாலும் பெரோடுவா, புரோட்டோன். மலேசியாவில் செய்யப்பட்ட, கைக்கடக்கமான, பெட்ரோலை அளந்து குடிக்கும் வண்டிகள். அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் பழைய காடிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கைகள் இரண்டும் தாமாக அகல விரியும். நீளத்தைக் காட்டுவதற்குத்தான்.

அமெரிக்கர்களின் நடுத்தரக் காடியை இந்தச் சடக்கிலிருந்து பார்ப்பதில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. அதன் கதவும் கூரையும் டெட்ராய்ட்டில் பிறந்தவை. அதன் கால்கள் இங்கே பிறந்தவை.

முதலில் டெட்ராய்ட் பக்கத்தைச் சொல்லிவிடலாம். 1950களின் நடுப்பகுதிவரை அமெரிக்கக் காடிகளில் சிறிது, நடுத்தரம், பெரிது என்ற பிரிவு இன்றைய பொருளில் இல்லை. பெரிய நிறுவனங்கள் செய்த ஃபோர்ட், செவர்லே, பிளிமத் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆண்டுக்காண்டு அவை நீண்டன, அகன்றன, வாலில் இறக்கை முளைத்தது. அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் ராம்னி அவற்றைப் பெட்ரோல் குடிக்கும் டைனோசர்கள் என்று வெளிப்படையாகச் சாடி, அளவான ராம்ப்ளரை விற்றுக் காட்டினார். பெரிய நிறுவனங்கள் அப்போதுதான் விழித்தன. 1960 மாடலாக ஃபோர்டின் சிறிய ஃபால்கன் வந்தது. அதை உந்தித் தள்ளியவர் ராபர்ட் மெக்னமாரா. பின்னாளில் வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த அதே மனிதர். 1962இல் ஃபோர்ட் இன்னொன்றைச் செய்தது. ஃபேர்லேன் என்ற பெயரைப் பெரிய காடியிலிருந்து கழற்றி, ஃபால்கனுக்கும் பெரிய காடிக்கும் இடைப்பட்ட ஒரு புது வண்டிக்குச் சூட்டியது. அந்தப் பெயர் டியர்போர்னில் இருந்த ஹென்றி ஃபோர்டின் மாளிகைப் பெயர். நடுத்தரக் காடி என்ற வகை உறுதியாக ஊன்றிக்கொண்டது அந்த ஆண்டில்தான்.

ஜெனரல் மோட்டார்ஸ் சும்மா இருக்குமா? 1964 மாடலாக செவர்லே செவெல், பான்டியாக் டெம்பெஸ்ட், ஓல்ட்ஸ்மொபீல் கட்லஸ், பியூக் ஸ்கைலார்க் என நான்கு பிராண்டுகளில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளை இறக்கியது. செவெலின் நீளம் ஏறக்குறைய 16 அடி. அமெரிக்காவில் அதற்குப் பெயர் நடுத்தரம்! அப்பா வேலைக்கு ஓட்டிப் போனதும், கோடை விடுமுறையில் குடும்பம் ஊர் சுற்றியதும், மகன் முதன்முதலாக ஓட்டப் பழகியதும் அதில்தான். ஓல்ட்ஸ்மொபீல் விஸ்டா குரூசர் என்ற நீள வண்டியில் பின் இருக்கைக்கு மேல் கூரையை உயர்த்திக் கண்ணாடி பதித்திருந்தார்கள். பிள்ளைகள் அண்ணாந்து வானத்தையும் மலையையும் பார்த்துக்கொண்டே போகலாம். அந்தக் கண்ணாடியை வைத்தவர் பிள்ளைகளின் கழுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அதே 1964இல் பான்டியாக்கின் பொறியாளர்கள் செய்த வேலை இன்றும் அங்கே ஆசையாகப் பேசப்படுகிறது. நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது நிறுவன விதி. அவர்கள் 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாகக் காட்டாமல், விருப்பப்பட்டவர்கள் கேட்டு வாங்கும் கூடுதல் தொகுப்பாகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். விதி அப்படியே இருந்தது, ஜிடிஓ பிறந்தது. ஒரு தலைமுறை அமெரிக்க இளைஞர்களின் கனவு அந்தத் தொகுப்பு.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. நடுத்தர வண்டி அதையும் தாண்டியது. 1976இல் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற காடி ஓல்ட்ஸ்மொபீல் கட்லஸ். 1992 முதல் 1996 வரை அந்த இடத்தில் ஃபோர்ட் டாரஸ் இருந்தது. நினைவில் தங்கும் காடி பெரும்பாலும் அப்படித்தான் உருவாகிறது. ஊரில் எங்கு திரும்பினாலும் அது நிற்கும், யாராவது ஒரு சித்தப்பாவிடமாவது இருக்கும்.

இந்தத் தோட்டங்களில் எந்தச் சித்தப்பாவிடமும் இருந்ததில்லை.

புக்கிட் பெருந்துங்கிலிருந்து தெற்கே திரும்பினால் பழைய கூட்டரசுச் சாலை, முதலாம் எண் சாலை. நெடுஞ்சாலை வருவதற்கு முன் வடக்குக்கும் தெற்குக்கும் இதுதான் பெரிய சடக்கு. செரண்டா தாண்டுகிறது. இருபுறமும் தொழிற்சாலைக் கூரைகள், நடுநடுவே செம்பனை, அபூர்வமாக எங்கோ ஒரு மூலையில் பால்மரங்கள். பால்மரம் என்றால் ரப்பர் மரம். பழையவர்களுக்கு அது கித்தா மரம்.

விடியுமுன் பிரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பில் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்து, பட்டையைச் சீவி, மங்கு எனும் கோப்பையில் பால் சொட்டுவதைப் பார்த்தபின் அடுத்த மரத்துக்கு நகர்ந்த வாழ்க்கை அது. வெயில் ஏறுமுன் பாலை எடுத்து வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். அமிலம் கலந்து உறையவைத்து, உருளையில் அழுத்தித் தகடாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிட்டால் தேன் நிறத்தில் புகை மணக்கும் ஷீட். அது சிப்பமாகக் கட்டப்பட்டு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் கப்பல் ஏறும். கப்பல் போய்ச் சேரும் இடங்களில் பெரியது அமெரிக்கா. அங்கே அதற்குப் பெயர் டயர்.

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி 1908இல் வந்தது. 1910இல் லண்டன் சந்தையில் ரப்பர் ஒரு ராத்தல் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அந்த விலைதான் சிலாங்கூரின் காடுகளை அழித்து வரிசை வரிசையாக மரம் நடவைத்தது. சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வடார்க்காட்டிலிருந்தும் கங்காணிகள் வழியாக ஆட்களைக் கப்பலேற்றியது. 1914இல் ஃபோர்ட் தன் ஆலைத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். தான் செய்யும் காடியைத் தானே வாங்கும் நிலைக்கு அங்கே தொழிலாளி வர முடிந்தது. மலாயாவில் 1928இல் வகுக்கப்பட்ட அடிப்படைக் கூலி, போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளாதார மந்தம் வந்ததும் அதிலும் வெட்டு விழுந்தது.

ரப்பருக்குப் பிரிட்டிஷார் விதித்த கட்டுப்பாட்டால் விலை ஏறியபோது, ஃபோர்ட் பிரேசில் காட்டுக்குள் ஃபோர்ட்லாண்டியா என்ற பெயரில் சொந்தத் தோட்டமே போட்டுப் பார்த்தார். இலைக்கருகல் நோய் அதைத் தின்றது. 1945இல் கைவிட்டார்கள். பால்மரத்தின் தாய்நாட்டில் தோற்ற ஒரு காரியம் சிலாங்கூரில் நாள்தோறும் காலையில் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா பயன்படுத்திய இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தென்கிழக்காசியாவிலிருந்து போனது. காடி ஒன்று ஒஹாயோவில் பிரேக் பிடித்து நிற்கும்போது, தார்ச்சாலையைப் பற்றிக்கொண்டது கிள்ளானிலோ கோலசிலாங்கூரிலோ ஒருத்தி சீவி எடுத்த பாலாக இருக்க நிறைய வாய்ப்பு இருந்தது.

தோட்டத்துக்குள் காடி என்றால் துரையின் காடி. பெரும்பாலும் பிரிட்டிஷ் வண்டி, சில இடங்களில் ஃபோர்ட் வி8. அது வரும் சத்தம் கேட்டால் சைக்கிளில் போகும் தொழிலாளி இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். எழுதாத சட்டம், ஆனால் மீறினால் வேலை போகும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிச் சிலாங்கூர் முழுதும் பரவிய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடும் பள்ளி, மருத்துவ வசதியோடும் சேர்த்துத் தொழிலாளர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரைமார் எதிரிலும் அலுவலர் எதிரிலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இந்தச் சடக்கில் வாகனங்களின் வரலாற்றை எழுதுகிறவர் அந்தச் சைக்கிள்களை விட்டுவிட்டு எழுத முடியாது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடந்தது வரலாற்றின் விந்தையான பொருத்தங்களில் ஒன்று. ஃபோர்ட் மலாயா 1926இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட நிறுவனம். அமெரிக்க ஃபோர்டின் நேரடிப் பிள்ளையாக அது இருக்கவில்லை. ஃபோர்ட் கனடாவின் கிளை. கனடா பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்ததால் அங்கிருந்து வரும் காடிக்குச் சுங்கச் சலுகை கிடைத்தது, ஸ்டீயரிங்கும் வலப்பக்கம் இருக்கும். 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் அவர்களது புதிய ஆலை தயாரானது. தென்கிழக்காசியாவில் ஃபோர்டின் முதல் காடிப் பொருத்தாலை அது. நான்கே மாதம். 1942 பிப்ரவரி 15 அன்று, அந்த ஆலையின் அறையில்தான் ஜெனரல் பெர்சிவல் ஜெனரல் யமாஷிதாவிடம் சரணடைந்தார். அதே பிப்ரவரியில், அமெரிக்காவில் பொதுமக்களுக்கான காடித் தயாரிப்பு போருக்காக நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே ஜனவரியில் டயருக்குப் பங்கீடு வந்துவிட்டது. மலாயாவின் ரப்பர் ஜப்பான் கைக்குப் போனதும் டயரைக் காப்பாற்ற மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று அமெரிக்க அரசு தன் மக்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. சிலாங்கூர்த் தோட்டங்களின் பால்மரங்கள் சீவப்படாமல் நின்றன. சீவியவர்களில் ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை.

செரண்டாவுக்கும் ரவாங்குக்கும் இடையில் சுங்கை சோ. பெரோடுவா ஆலை இங்கே இருக்கிறது. 1993இல் நிறுவனம் தொடங்கி, 1994 ஆகஸ்டில் காஞ்சில் என்ற சின்னஞ்சிறு காடியை வெளியிட்டார்கள். மலாயில் காஞ்சில் என்றால் சருகுமான். மூன்று சிலிண்டர், 659 சிசி. 1965இல் செவர்லே செவெல் வாங்கியவர் 327 கன அங்குல எஞ்சினைக் கேட்டு வாங்கியிருந்தால், அதன் எட்டு சிலிண்டர்களில் ஒரு சிலிண்டரே ஏறக்குறைய 670 சிசி. அமெரிக்கக் குடும்பக் காடியின் எட்டில் ஒரு பங்கை எடுத்து மலேசியா ஒரு முழுக் காடி செய்துவிட்டது. அந்த ஒரு பங்கில்தான் பல தோட்டத்து வீடுகளுக்கு முதன்முறையாகச் சொந்தக் காடி வந்தது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், மடியில் பாட்டி கொடுத்த முறுக்கு டின் என்று தீபாவளிக்கு அதில் நெருக்கிக்கொண்டு போன குடும்பங்களுக்கு, விஸ்டா குரூசர் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு என்னவோ அதுதான் காஞ்சில்.

வடக்கே சுங்கை பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் தஞ்சோங் மாலிமில் புரோட்டோனின் பெரிய ஆலை. பால்மரம் நின்ற வட்டாரம் இன்று காடி செய்யும் வட்டாரம். தமிழ்நாட்டு வாசகருக்கு இது அந்நியமான காட்சியாக இருக்காது. சென்னைக்குத் தெற்கே மறைமலை நகரில் 1990களின் நடுவில் ஃபோர்ட் வந்ததும், எஸ்கார்ட்டும் ஐகானும் அங்கிருந்து புறப்பட்டதும், 2022இல் தயாரிப்பு நின்றபோது தொழிலாளர் குடும்பங்கள் கலங்கியதும் அருகிலிருந்து பார்த்த கதை.

ரவாங்கில் சற்று நிற்க வேண்டும். 1894இல் இந்த ஊரின் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தவர்கள் லோக் யூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும். பத்துமலைக் கோயிலை நிறுவிய அதே பிள்ளை. மலாயாவில் மின்விளக்கு முதலில் எரிந்த இடங்களில் ஒன்று இது என்பதை ஊரில் பெருமையாகச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான்.

இங்கிருந்து சாலை மேற்கே திரும்பி பத்து ஆராங் வழியாகப் போகிறது. 1915 முதல் 1960 வரை நிலக்கரி தோண்டிய ஊர். ரயிலுக்கும் மின்நிலையங்களுக்கும் கரி கொடுத்துவிட்டு ஓய்ந்துவிட்டது. பழைய புகைபோக்கிகள் நிற்கின்றன.

போருக்குப் பின் அமெரிக்காவில் காடிப் பசி வெடித்தது. மலாயாவின் ரப்பருக்கும் ஈயத்துக்கும் டாலர் கொட்டியது. பிரிட்டிஷ் பவுண்டு வட்டத்தில் இருந்த நாடுகளிலேயே அதிக டாலர் ஈட்டிக் கொடுத்தது மலாயாதான். அந்த டாலர் இங்கே தங்கவில்லை. லண்டனின் பொதுக் கையிருப்புக்குப் போனது. டாலர் தட்டுப்பாடு என்று சொல்லி அமெரிக்கப் பொருள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் போட்டார்கள். பால் இங்கிருந்து போகும், டயராகிக் காடியில் ஏறும், பாலுக்கான பணம் லண்டனுக்குப் போகும், காடி மட்டும் இங்கே வராது. பெரிய சடக்கின் ஓரத்தில் நின்றவர்களுக்கு ஒரு செவர்லே அவ்வளவு அபூர்வமாகத் தென்பட்டதற்கும், அதனாலேயே அது அவ்வளவு அழுத்தமாக மனதில் பதிந்ததற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

நேராக வர முடியாதது சுற்றி வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவுக்குச் சிறியது என்று ஒதுக்கிய ஒரு செவர்லே திட்டத்தை ஆஸ்திரேலியாவில் எடுத்துத் தட்டி நீட்டி 1948இல் ஹோல்டன் என்று விட்டார்கள். அந்த ஹோல்டனின் தம்பிமார் மலேசியச் சாலைகளிலும் ஓடினார்கள். அமெரிக்க நடுத்தர ஃபேர்லேனை உதிரிகளாகக் கொண்டுபோய் 1962 முதல் ஆஸ்திரேலியாவில் பூட்டி விற்றது ஃபோர்ட். ஃபால்கன் அங்கே போனபோது முதலில் திணறியது. அமெரிக்கக் கான்கிரீட் சாலைக்குச் செய்த முன்பக்க மூட்டுகள் கரடுமுரடான மண் பாதையில் உடைந்தன. பலப்படுத்திய பிறகே நிமிர்ந்தது. தோட்டத்துச் செம்மண் சடக்கில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டிய எந்த லாரி ஓட்டுநரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்.

சுற்றி வந்தவற்றில் இந்த நாட்டில் அதிக அன்பைப் பெற்றது கோர்ட்டினா என்று துணிந்து சொல்லலாம். 1950களின் இறுதியில் எட்ஸெல் என்ற பெரிய காடியைக் கொண்டுவந்து ஃபோர்ட் படுதோல்வி கண்டது. அதன் வடிவமைப்பாளர் ராய் பிரவுனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் வரைந்தது 1962இல் வந்த கோர்ட்டினா. குளிர்கால ஒலிம்பிக் நடந்த இத்தாலிய ஊரின் பெயர் அது. 14 அடி நீளம், சிக்கனமான எஞ்சின், பின்னால் வட்ட விளக்கு, பக்கவாட்டில் அமெரிக்கக் காடிகளின் மடிப்பு. டெட்ராய்ட்டின் கோட்டை மலிவான துணியில் அளவாகத் தைத்ததுபோல் இருந்தது. ஆசிரியர், கிராணி எனப்படும் எழுத்தர், ஆஸ்பத்திரி உதவியாளர் என்று மாதச் சம்பளக்காரர் கைக்கு எட்டக்கூடிய ஃபோர்ட் அது. 1970இல் வந்த மூன்றாம் வடிவத்தில் இடுப்பு வளைந்து இன்னும் அமெரிக்கச் சாயல் ஏறியது. இந்த எழுத்தின் தீர்ப்பைக் கேட்டால், எட்ஸெலின் தோல்வியை மன்னிக்க அந்த வட்ட விளக்குகளே போதும்.

சாலை பெஸ்தாரி ஜெயாவுக்குள் நுழைகிறது. 2007வரை இதற்குப் பெயர் பத்தாங் பெர்ஜுந்தாய். பழையவர்கள் வாயில் இன்றும் பத்தாங்தான். சுற்றிலும் தோட்டப் பெயர்கள்: மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக். இந்தத் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் வாக்களித்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடியது மலேசியத் தமிழர் அறிந்த செய்தி.

இந்தக் குடும்பங்கள் ஏறிப்போன வண்டி எது? லாரி. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும், ஆடித் திருவிழாவுக்கும், பெண் பார்க்கவும், பிணம் எடுக்கவும் தோட்டத்து லாரிதான். பலகை அடித்த பின்பக்கத்தில் பாயை விரித்து, பெண்களும் பிள்ளைகளும் நடுவில், வாலிபர்கள் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பல இடங்களில் அந்த லாரியின் நெற்றியில் பெட்ஃபோர்ட் என்று இருந்தது. இங்கிலாந்தில் செய்தது, ஆனால் அந்தப் பெயர் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தம். செவெலைச் செய்த அதே வீட்டின் இன்னொரு பிள்ளை தோட்டத்துச் சனத்தைச் சுமந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்த சிறுவனுக்கு அது போதுமான அமெரிக்கா.

பட்டணத்துக்கு அவசரமாகப் போக வேண்டுமானால் வாடகைக் காடி. நான்கு பேர் சேர்ந்ததும் புறப்படும் வெளியூர் டாக்சிகள் பெரும்பாலும் டீசல் மெர்சிடிஸ். உரிமமில்லாமல் ஆள் ஏற்றும் 'சாப்பு' காடிகளும் உண்டு. அவற்றில் எந்த வண்டி வரும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட், இன்னொரு நாள் முதலாளி விற்றுவிட்டுப் போன பழைய பெரிய காடி. பிந்தியது வந்தால் அன்றைய பயணம் ஒரு வாரப் பேச்சு. முன் இருக்கை பெஞ்சு போல் நீண்டிருக்கும், மூவர் உட்காரலாம், குழியில் இறங்கினால் குலுங்காது, தாலாட்டும்.

அப்படிப்பட்ட வண்டிகள் ஏன் பெருகவில்லை என்பதற்கு மலேசிய வீதிவரியும் ஒரு பதில். வரி எஞ்சின் அளவைப் பார்த்து ஏறும். மூன்று, நான்கு லிட்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு கிராணி சம்பளத்தில் வாழ முடியாது. அத்துடன் காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1967இல் உள்நாட்டிலேயே காடி பொருத்த ஆறு ஆலைகளுக்கு அரசு அனுமதி கொடுத்தது. மலாயாவில் செவர்லே, வாக்ஸ்ஹால் விற்றுவந்த போர்னியோ மோட்டார்ஸ் அதே ஆண்டில் டோயோட்டாவின் பக்கம் வந்தது. சிங்கப்பூரிலிருந்த பழைய ஃபோர்ட் ஆலை 1980இல் மூடப்பட்டது. இன்று அது போர்க்கால நினைவகம்.

போவதற்குமுன் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு நல்ல முயற்சி செய்தது. 1970களின் தொடக்கத்தில் ஜோகூர் தம்போயில் இருந்த ஆலையில், வாக்ஸ்ஹால் வீவாவின் எஞ்சினை வைத்து, தட்டையான தகரங்களை மடித்து, ஹரிமாவ் என்ற வண்டியைச் செய்தார்கள். புலி என்று பொருள். அழகுக்கு அதில் இடமில்லை. கம்பம் எனும் மலாய்க் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் ஏற்ற, மலிவான, பட்டறையில் எளிதாகப் பழுது பார்க்கக்கூடிய சுமைவண்டி. ஓர் அமெரிக்க நிறுவனம் சடக்கின் ஓரத்தில் நின்றவரை மனதில் வைத்துச் செய்த வண்டி என்று அதைத்தான் சொல்ல முடியும். அது நிலைக்கவில்லை.

பெஸ்தாரி ஜெயாவின் பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம். பெயரைக் கேட்டாலே தமிழ். பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் இங்கே செம்பனையை நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இது. பின்னாளில் அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் நட்டபோது ரப்பர்தான் ராஜா. இன்று சாலையின் இருபுறமும் பார்க்கிற தூரம்வரை அவர் நட்டதன் வழித்தோன்றல்தான். ரப்பர் உற்பத்தியில் உலகின் முதலிடத்தை 1990களின் தொடக்கத்தில் மலேசியா தாய்லாந்திடம் விட்டது. ஷா ஆலாமில் குட்இயர் 1972இல் திறந்த டயர் ஆலையும் 2024இன் நடுவில் மூடப்பட்டது. அமெரிக்கக் காடிக்கும் சிலாங்கூருக்கும் இடையே ஓடிய நூலின் கடைசிச் சில இழைகளில் அது ஒன்று.

ஈஜோக் பக்கம் திரும்பாமல் நேரே போனால் புக்கிட் ரோத்தான், அதைத் தாண்டிக் கோலசிலாங்கூர். சாலை இப்போது அகலம். குலைகளை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன, பின்னால் சிதறிய செம்பழங்களை டயர்கள் நசுக்கிச் சாலை எண்ணெயாய் மினுங்குகிறது. 'பி' என்று தொடங்கும் சிலாங்கூர் எண் பலகைகள். ஒரு காலத்தில் அந்த எழுத்துக்குப் பின் நான்கே இலக்கம். இப்போது மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும்.

புக்கிட் மெலாவத்தியின் மேல் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. மரங்களில் சாம்பல் குரங்குகள். கீழே சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம், சேற்றுக் காடு, அதற்கப்பால் மலாக்கா நீரிணை. ஷீட் சிப்பங்களை ஏற்றிய கப்பல்கள் தெற்கே கிள்ளானிலிருந்து கிளம்பி இந்த நீரில்தான் வடக்கே திரும்பிப் போயின. குன்றின் அடிவாரத்தில், வார இறுதிக் கூட்டத்துக்கு நடுவே, சுங்கை சோவில் செய்த சின்னக் காடி ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் இறங்குகிறது. பாட்டி கடைசியாக இறங்குகிறார். பேரன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பாட்டி காலை ஊன்றி நிமிர்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஒரு கையைக் காடியின் கூரையில் வைத்தபடி கடல் காற்றுக்கு முகத்தைக் காட்டுகிறார்.